இரண்டாம் நாள் காலை

நமது சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் சைக்கிள் பயணம் பற்றி இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, அடுத்த ஆண்டு முதல் அதை ஒரே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடித்துக்கொள்ளலாம் என்பது. சங்கக் கட்டட வாசலில் சிறப்பு விருந்தினர் கொடியசைப்பார். பத்து கிலோமீட்டர் நாக்பூரைச் சுற்றிவிட்டுத் திரும்பினால் பனியன், சான்றிதழ், பொங்கல்-வடை. இன்னொன்று, சைக்கிளே வேண்டாம், அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து நன்கொடையாக அனுப்பிவிடலாம் என்பது. இரண்டையும் சொன்னவர்கள் சங்கத்துக்காக உழைப்பவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இரண்டு யோசனைக்கும் நான் எதிர்க்கட்சி. முடிவு அடுத்த கூட்டத்தில் எடுக்கப்படும் என்பதால், அதற்குள் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சென்ற ஜனவரியில் நாங்கள் 21 பேர் நாக்பூரிலிருந்து வரோராவில் இருக்கும் ஆனந்தவனத்துக்குச் சைக்கிளில் போனோம். முதல் நாள் சேவாகிராம், இரண்டாம் நாள் ஹிங்கண்காட், மூன்றாம் நாள் வரோரா. மொத்தம் 165 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். நான்காம் நாள் அங்கேயே தங்கிவிட்டு, சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றிவிட்டு ரயிலில் திரும்பினோம். கூட்டத்தில் மிக இளையவள் என் பேத்தி, வயது 13. மூத்தவர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர், வயது 71. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று அக்கம்பக்கத்தில், அலுவலகத்தில், பள்ளியில் ஒவ்வொருவரும் எழுதி வாங்கி வந்த தொகைதான் நன்கொடை. தொகையைப் பொருளாளர் முறைப்படி அறிவித்துவிட்டார்.

முதலில் செலவுக் கணக்கு. வழிச் சாப்பாடு, தங்குமிடம், கூடவே வந்த டெம்போ, பஞ்சர் சாமான் எல்லாவற்றையும் 21 பங்காகப் பிரித்து அவரவர் கையிலிருந்து கொடுத்தோம். நன்கொடைப் பெட்டியிலிருந்து ஒரு டீக்குக்கூட எடுக்கவில்லை. ஆகவே 'செலவை நன்கொடையாக்கலாம்' என்பவர்கள், நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டை நன்கொடையாகக் கேட்கிறார்கள். வீட்டில் இருந்திருந்தாலும் சாப்பிட்டுத்தான் இருப்போம்!

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி ஒரு தமிழர். ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காந்தியிடம் வந்தவர். 1934-இல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணா என்று வரம்பு கட்டினார். காந்தி தம் பரிவாரத்தோடு அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்திக்கே அந்தச் சட்டம் என்றால் நமக்கு எம்மாத்திரம்?

அதே குமரப்பா வார்தாவில் மகன்வாடியில் இருந்துதான் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறோம்? நாக்பூரிலிருந்து 80 கிலோமீட்டர்கூட இல்லை. சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வியை நடத்தியவர்களில் ஒருவரான ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது எங்கள் கூட்டத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. என்னோடு வேலை பார்த்த மராத்திய நண்பர் ஒருவர் நன்கொடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறீர்கள். வருஷம் தவறாமல் திருப்பதிக்குப் போகிறீர்கள். வரோரா எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் விசாரிக்கிறீர்கள்." எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி.யிலும் இந்த ஊர்களைத் தாண்டித்தான் போகிறோம். சேவாகிராம், ஹிங்கண்காட், வரோரா என்ற மஞ்சள் பலகைகள் சன்னலுக்கு வெளியே ஓடும். நாம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம். பல்லார்ஷா வந்தால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

நான் டிப்ளமோ முடித்துத் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்தவன். இந்தப் பாதையைப் புஷ் டிராலியில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறேன். இது நம் கோவில்பட்டிப் பக்கம் இருப்பதைப் போன்ற கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்; மேலே போட்ட ஜல்லியை விழுங்கிவிட்டுத் தண்டவாளத்தைக் கோணலாக்கும். ஆயுள் முழுக்க அந்த மண்ணைத் திட்டியிருக்கிறேன். அதே மண்ணில் பருத்தியும் துவரையும் எப்படி நிற்கின்றன என்று நின்று பார்க்கச் சைக்கிள்தான் அவகாசம் கொடுத்தது.

சரி, இதையெல்லாம் ஒரே நாளில் காரில் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். இங்கேதான் என் முக்கியமான வாதம் வருகிறது.

முதல் நாள் யாருக்கும் கஷ்டமில்லை. விடியற்காலைக் குளிர், புதுச் சட்டை, புகைப்படம், ஆளுக்கு ஆள் வேடிக்கைப் பேச்சு. புட்டிபோரி வரை லாரிகளின் தொல்லை, பிறகு ரோடு நன்றாகவே இருக்கிறது. பவ்னாரில் தாம் நதிக்கரையில் வினோபாவின் ஆசிரமத்தில் இளைப்பாறிவிட்டு, சேவாகிராம் போய்ச் சேர்ந்தபோது பாட்டுப் பாடிக்கொண்டுதான் இறங்கினோம். ஞாயிறு ஊர்வலம் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்தால் தொடை கல்லாக இருக்கிறது. உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேற்று உற்சாகமாக வந்தவர்கள் சைக்கிளைப் பார்த்துவிட்டு டெம்போவைப் பார்த்தார்கள். என் பேத்தி, "தாத்தா, நான் இன்னிக்கு வண்டியில வரட்டுமா?" என்றாள். அவள் அம்மா சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான் குறுக்கிட்டு, "வாம்மா, தாராளமா வா. ஆனா உன் நோட்டுல கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்னு எழுதிக் கொடுத்த கூர்க்காவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு மட்டும் யோசிச்சுக்கோ" என்றேன். மாப்பிள்ளை என்னை முறைத்தார். அவள் ஒன்றும் பேசாமல் போய் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பத்து கிலோமீட்டர் போனபிறகு வலி தானாக இளகிவிடும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது, எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டவர் பணம் கொடுப்பது நம் காலை நம்பித்தான். சும்மா உண்டியல் குலுக்கியிருந்தால் அந்தக் கூர்க்கா ஒரு ரூபாய் போட்டுவிட்டு மறந்திருப்பார். இவள் மிதிக்கிறாள் என்பதால்தான் மூன்று நாளும் விசாரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் கேட்டில் நிறுத்தி முழுக் கணக்கையும் கேட்டு எண்ணிக் கொடுத்தார். வலிக்கிற இரண்டாம் நாள் இல்லாத பயணத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு எதற்கு?

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளைஞர்களில் சிலர் கியர் சைக்கிள்காரர்கள். நாங்கள் மெதுவாகப் போவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ரயிலில் ஒரு விதி உண்டு. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய பெட்டிகள் இருபது இருக்கட்டும், 75-க்கு மேல் போகக்கூடாத ஒரு வண்டியை அதில் சேர்த்தால் ரயில் முழுவதற்கும் 75தான். எங்கள் 75 அந்த வங்கி நண்பர். அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்.வி.' என்று ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனில் அதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் ரயில் முழுசாக வந்து சேர்ந்தது என்று பொருள். அதன்பிறகுதான் பின்னால் வரும் வண்டிக்கு வழி. நான் ஓர் அட்டையில் 'எல்.வி.' என்று எழுதி என் கேரியரில் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்தேன். நான் வந்து சேரும்வரை எந்த நிறுத்தத்திலும் யாரும் புறப்படக் கூடாது என்று ஏற்பாடு. முதல் நாள் முணுமுணுத்த பையன்கள் மூன்றாம் நாள் வங்கி மாமாவுக்கு இரு பக்கமும் காவல் போல வந்தார்கள். வேல முள் குத்தி அவர் டயர் இரண்டு முறை பஞ்சரானபோது டியூப் மாற்றியதும் அவர்கள்தான். அவரிடமிருந்து எழுபதுகளின் மதராஸ் கதைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள், அதுவும் தமிழில். சங்கத்தில் நாம் நடத்தும் தமிழ் வகுப்புக்கு அந்தப் பையன்களை இழுத்து வர எத்தனை பாடுபட்டிருக்கிறோம் என்பது செயற்குழுவுக்குத் தெரியும்.

இனி, எங்கே போனோம் என்பது. பாபா ஆம்டே 1914-இல் ஹிங்கண்காட்டில் பிறந்தவர், வரோராவில் வக்கீல். சேவாகிராமத்தில் பர்ச்சூரே சாஸ்திரி என்ற சம்ஸ்கிருத பண்டிதருக்குத் தொழுநோய் கண்டபோது காந்தி அவரைத் தம் குடிலுக்கு அருகிலேயே வைத்துத் தம் கையால் பணிவிடை செய்தார். அந்தக் குடில் இன்றும் இருக்கிறது. ஆகவே முதல் நாள் சேவாகிராமத்தில் பார்த்ததும், மூன்றாம் நாள் வரோராவில் பார்த்ததும் ஒரே கதையின் தொடர்ச்சி. 1951-இல் ஆறு நோயாளிகள், ஒரு நொண்டிப் பசு, 14 ரூபாய் என்ற முதலோடு பாறை நிலத்தில் ஆரம்பித்தது ஆனந்தவனம். 2008-இல் அவர் மறைந்தபோது அந்த மண்ணிலேயே அடக்கமானார்.

நம் பயணத்துக்குப் பொருத்தமான செய்தி ஒன்று உண்டு. 1985 டிசம்பரில், எழுபதைத் தாண்டிய வயதில், பாபா ஆம்டே நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சைக்கிளில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு அழைத்துப் போனார். அவருக்கு முதுகெலும்பு பழுதாகி உட்கார முடியாது. வண்டியில் படுத்தபடியே கூடப் போனார். நாட்டை இணைக்கிற பயணம் என்று அதற்குப் பெயர். 1988-இல் வடகிழக்கிலிருந்து குஜராத் வரை இன்னொன்று. நம் தென்கோடியில் தொடங்கிய பயணம் அது. அவர் பத்துக் கிலோமீட்டரில் முடித்திருந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தருமம் மனிதனைக் கெடுக்கும், வேலைதான் அவனை நிமிர்த்தும் என்பது ஆம்டேயின் கட்சி. அப்படிப்பட்ட இடத்துக்கு நன்கொடைப் பணத்தைக் கொண்டுபோகிறோமே என்று எனக்கு உள்ளூர உறுத்தல் இருந்தது. அங்கே தறிக்கொட்டகையில் நெய்பவர்கள் பலர் விரல் இழந்தவர்கள். மருந்து வந்து நோய் குணமாகிவிட்டது. போன விரல் திரும்பாது. பேத்தி தன் சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். எங்கிருந்து வருகிறாய் என்று மராத்தியில் கேட்டார். பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். செயின் வறண்டிருக்கிறது என்று சொல்லி, உள்ளே போய் எண்ணெய்ப் புட்டியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே பிடித்து எடுத்து வந்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டார். ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை. அவள் நன்றி சொன்னாள். அவர் தறிக்குப் போய்விட்டார். நன்கொடை ரசீது வாங்கும்போது நாங்கள் எல்லாரும் அங்கே நெய்த துணியும் வாங்கிக்கொண்டோம். அடுத்த ஆண்டு பனியன் அச்சடிக்க ஒதுக்கலாம் என்று சொல்லப்படும் தொகையை, அந்தத் துணியை வாங்கச் செலவழிக்கலாம் என்பது என் மாற்று யோசனை.

ஆபத்து இல்லையா என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். நெடுஞ்சாலையில் லாரி லாரிதான். அதற்காகத்தான் ஒற்றை வரிசை, விடிந்தபிறகே புறப்பாடு, பதினொரு மணிக்குள் பெரும்பகுதித் தூரம், இருட்டினால் ஒரு அடிகூட நகர்வதில்லை, பின்னால் விளக்குப் போட்ட டெம்போ என்ற விதிகள். முன்பின் பிரேக் இரண்டும் பிடிக்காத சைக்கிளை நானே புறப்படவிடவில்லை. இவற்றில் எதையும் தளர்த்தச் சொல்லவில்லை. வேண்டுமானால் இன்னும் இறுக்கலாம். தூரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஆக்குங்கள், நாள்களைக் குறைக்காதீர்கள்.

வர நினைப்பவர்கள் புதுச் சைக்கிள் வாங்க வேண்டாம். பரணில் கிடப்பதை இறக்கி டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றினால் போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முழங்கால் வலி என்கிறார்கள். தீபாவளி கழிந்ததும் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குச் சங்க வாசலிலிருந்து பழக்கச் சவாரி உண்டு. பம்பும் ஸ்பேனரும் என்னிடம் இருக்கும்.