கச்சேரி ரத்தானா டிக்கெட் காசு வந்துடும்... புக்கிங் கட்டணம்?

கோவை கொடிசியா மைதானத்தில் இசை நிகழ்ச்சி என்றால் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சியில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சென்னையில் நடந்தால் இங்கிருந்து 500 கிலோமீட்டர் ரயிலேறிப் போகிறார்கள். நிகழ்ச்சியே நடக்காமல் போனால் இவர்கள் கட்டிய பணம் என்ன ஆகும்?

நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2025 ஜூலை 26-ல் சென்னை அருகே திருவிடந்தையில் நடக்க இருந்த அனிருத்தின் 'ஹுக்கும்' நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. டிக்கெட் பணம் முழுவதும் 7 முதல் 10 வேலை நாளில் திரும்ப வரும் என்று அறிவித்தார்கள். பிறகு ஆகஸ்ட் 23-ல் கூவத்தூரில் நடந்தது.

எல்லா நேரமும் இப்படி நடப்பதில்லை. 2023 ஆகஸ்ட் 12-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10-ல் பனையூரில் நடந்தது. அன்று டிக்கெட் கையில் இருந்தும் கூட்ட நெரிசலால் பலர் உள்ளேயே போக முடியவில்லை. டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி ரஹ்மானே பதிவிட வேண்டியிருந்தது. நிகழ்ச்சி 'நடந்துவிட்டது' என்பதால் பணம் தானாகத் திரும்பவில்லை, கேட்டு வாங்க வேண்டிய நிலை.

அந்தக் கூடுதல் கட்டணம் யாருக்கு?

டிக்கெட் விலை ஏற்பாட்டாளருக்குப் போகும். 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்ற புக்கிங் கட்டணமும் அதன் மேல் வரும் 18% ஜிஎஸ்டியும் தனி வரியாக பில்லில் இருக்கும். 'இது திரும்பக் கிடைக்காது' என்ற வாசகத்தையும் விதிமுறைகளில் அடிக்கடி பார்க்கலாம். புக் பண்ணிக் கொடுத்தாச்சு, எங்க வேலை முடிஞ்சுது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இந்தக் கட்டணம் வாங்குவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆன்லைன் சினிமா டிக்கெட்டுக்கு இதை வாங்கக் கூடாது என்ற மகாராஷ்டிர அரசின் உத்தரவுகளை 2025 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வசதி வேண்டும் என்பவர் வீட்டிலிருந்தே பணம் கட்டி புக் செய்யலாம், வேண்டாம் என்றால் தியேட்டர் கவுன்ட்டருக்குப் போகலாம் என்பது அங்கே வைக்கப்பட்ட வாதம்.

ஆனால் கச்சேரிக்கு ஏதுங்க கவுன்ட்டர்? பெரிய நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் பெரும்பாலும் ஆப்பில் மட்டும்தான். வேறு வழியே கொடுக்காமல் வாங்கிய கட்டணத்தை 'வசதிக் கட்டணம்' என்பதும், ஏற்பாட்டாளரே ரத்து செய்த பிறகு அதை வைத்துக்கொள்வதும் பொருந்தவில்லை. ரசிகர் தானாக ரத்து செய்தால் கதை வேறு.

சட்டம் எங்கே உதவும்?

குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டிக்கெட் தளங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. அதனால் முதலில் தளத்திலேயே எழுத்தில் கேளுங்கள். பலன் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதில் கோவைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நிகழ்ச்சி சென்னையில், கம்பெனி மும்பையில் என்றாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரயில், ரூம் செலவையும் இழப்பீடாகக் கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை, ஆனால் பில் இல்லாமல் கேட்கவே முடியாது. டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்து அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு.