கூடம் உண்மையிலேயே கோணல்தான்

கைத்துப்பாக்கி சுடப் பயில வரும் ஒருவர், பிடி தம் கைக்குப் பொருந்தவில்லை என்று சொன்னால், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு பழமொழியாகவே இருக்கும். தமிழில் அது ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’. இந்தியில் ‘நாச் ந ஜானே, ஆங்கன் டேடா’. இரண்டும் ஒரே பழிப்புதான். இந்தி வடிவம் ஆடுபவர் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. தமிழ் வடிவம் தயக்கமின்றி அவரைப் பெண்ணாக்கிவிடுகிறது. ஆனால் இரு மொழிகளிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதேயில்லை: அந்தக் கூடம் நேராகத்தான் இருந்ததா? எவரேனும் நூல் பிடித்துப் பார்த்தார்களா?

ஆடற்கூடத்தின் கோணலை அளப்பது ஒருவேளை கடினமாக இருக்கலாம். துப்பாக்கிப் பிடியின் கோணலை அளக்க ஓர் அளவுகோலும் கால் மணி நேரமும் போதும். அவ்வாறு அளந்தால் பல வேளைகளில் குற்றம் கையில் இல்லை, மரத்தில் இருக்கிறது என்பது தெரியவரும். ஆகவே, பிடியை மாற்றுவது திறமையற்றவரின் சாக்கு என்றும், பதக்கம் வென்ற பிறகு அனுபவிக்க வேண்டிய ஆடம்பரம் என்றும் நம் கல்விக்கூட விளையாட்டுத் துறைகளில் நிலவும் எண்ணத்தை எதிர்த்தே ஆக வேண்டும். பிடியைத் தேர்வதுதான் பயிற்சியின் முதல் பாடம். அது மறுக்கப்படும் இடத்தில் பயிற்சி இன்னும் தொடங்கவே இல்லை.

முதலில் பொறியியலைப் பார்ப்போம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். துப்பாக்கியின் எடை 1500 கிராம் வரை இருக்கலாம். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும். தகுதிச்சுற்றில் 75 நிமிடங்களில் 60 குண்டுகள். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது மையத்திலிருந்து விளிம்புக்கு 5.75 மில்லிமீட்டர். துப்பாக்கியின் முன் குறிகாட்டிக்கும் பின் குறிகாட்டிக்கும் இடையே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். முன் குறிகாட்டி கால் மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் விலகும். கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கால் மில்லிமீட்டரில்தான் இந்த விளையாட்டு முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்த விலகலுக்குக் காரணமாகக் கூடியவற்றுள் பிடி முதன்மையானது. சுட்டுவிரலின் நுனித்தசை விசையின் மீது படிந்து, குழலுக்கு இணையாக நேர்ப்பின்னே இழுக்க வேண்டும். பிடி பெரிதாக இருந்தால் விரல் நுனி மட்டுமே விசையை எட்டும். இழுப்பு, பக்கவாட்டுத் தள்ளலாக மாறும். எட்டாத விரலை எட்டச் செய்ய, சிறிய கை உடையவர் தம்மை அறியாமலேயே உள்ளங்கையைப் பிடியைச் சுற்றித் திருப்பிக்கொள்வார். அப்போது குழல் முன்கையின் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும். விலகியதை நேராக்க மணிக்கட்டை முறுக்க வேண்டும். ஒரு குண்டுக்கு முறுக்கலாம். அறுபது குண்டுகளுக்கு ஒரே அளவில் முறுக்க எந்தத் தசையாலும் இயலாது.

இங்குதான் அநீதி தொடங்குகிறது. நாற்பதாவது குண்டில் மணிக்கட்டு தளர்ந்து புள்ளிகள் சரியும்போது, பின்னால் நிற்பவருக்குத் தெரிவது பிடியன்று; சுடுபவர். ‘கவனம் சிதறுகிறது’, ‘கையில் வலு இல்லை’, ‘அழுத்தத்தைத் தாங்கும் மனம் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. மரத்தின் அளவுப் பிழை மனிதரின் குணப் பிழையாக மொழிபெயர்க்கப்படுகிறது. அந்தக் குறிப்பைச் சுமந்துகொண்டே ஒரு மாணவி விளையாட்டை விட்டு விலகினால், அவர் தகுதியற்றவர் என்பதற்கு அவருடைய விலகலே சான்றாகிவிடுகிறது.

இந்த மொழிபெயர்ப்பு எளிதில் நடப்பதற்கு மொழியும் துணைபோகிறது. மொழியியலில் ஓர் அடிப்படைக் கருத்து உண்டு: எதிரிணைச் சொற்களில் ஒன்று அடைமொழியின்றியே இயல்பென்று நிற்கும், மற்றொன்று அடைமொழி பெற்று விலக்கென்று நிற்கும். கொள்முதல் பட்டியலில் ‘ஏர் பிஸ்டல்’ என்று மட்டும் எழுதினால் அது வலக்கைக்குரிய, நடுத்தர அளவுள்ள பிஸ்டல் என்றே பொருள்கொள்ளப்படும். இடக்கைக்கு வேண்டுமானால் தனியே எழுத வேண்டும். சிறிய அளவு வேண்டுமானால் அதையும் தனியே கேட்க வேண்டும். தனியே கேட்பவர் சலுகை கேட்பவராகத் தோன்றுகிறார். கேட்காமலே பெறுபவர் எதையும் பெறாதவராகத் தோன்றுகிறார். ஒரு கையைச் சோற்றுக்கை என்றும் மற்றொன்றைப் பீச்சாங்கை என்றும் பிரித்துவைத்த சமூகத்துக்கு இந்த ஏற்பாட்டில் கோணல் எதுவும் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலுவானது சமத்துவ வாதம். எல்லோருக்கும் ஒரே கருவி கொடுப்பதுதானே நியாயம், பிடியை ஆளுக்கேற்ப மாற்றினால் அது செயற்கையான அனுகூலம் ஆகாதா என்பது கேள்வி. இதற்கான விடையைப் பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிநூலே தந்திருக்கிறது. எவை சமமாக இருக்க வேண்டும் என்பதில் அது கறார் காட்டுகிறது. துப்பாக்கி 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். பிடியின் எப்பகுதியும் கையைத் தாண்டி உடலின் வேறு பகுதியைத் தொடக் கூடாது; மணிக்கட்டு வெளிப்படையாகத் தெரியும்படி விடுபட்டிருக்க வேண்டும். உள்ளங்கைத் தாங்கி மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. கட்டைவிரல் தடையின்றி மேலே எழ இடம் இருக்க வேண்டும். இந்த எல்லைகளுக்குள், பிடியின் உட்புறம் சுடுபவரின் கைக்கேற்ப அமைவதை விதி தடுக்கவில்லை. எடை சமம், விசை சமம், தொலைவு சமம், நேரம் சமம். கை மட்டும் அவரவருடையது. ஒரே காலணியை எல்லோருக்கும் மாட்டிவிட்டு ஓடச் சொல்வதைச் சமத்துவம் என்று எவரும் அழைப்பதில்லை.

2018ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கான தகுதிச்சுற்றிலும் 40 குண்டுகளுக்குப் பதில் 60 குண்டுகள் என்று விதி மாறியது. அந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் சுமையைச் சமமாக்கிய பின்னும், சுமக்கும் பிடியை மற்றொருவர் கைக்குரியதாகவே விட்டுவைத்தால், சமத்துவம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

இரண்டாவது வாதம் வெற்றியாளர்களைச் சாட்சிக்கு அழைப்பது. கிடைத்த துப்பாக்கியில் பயின்று மேலே வந்தவர்கள் இல்லையா? இருக்கலாம். ஆனால் கரையேறியவர்களை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது. கிடைத்த பிடி தற்செயலாகப் பொருந்தியவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். பொருந்தாமல் விலகியவர்கள் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டார்கள்.

வெற்றியாளர்களைத்தான் பேச வேண்டுமென்றால் இருவரைப் பேசலாம். ஹங்கேரியின் கரோலி தகாச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தார். இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். பிறவியிலேயே வலக்கையில் குறைபாடு கொண்ட மணீஷ் நர்வால் இடக்கையால் சுட்டு, டோக்கியோ பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் பிஸ்டல் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தார். இவ்வரலாறுகளை மனவுறுதியின் கதைகளாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். மனவுறுதியை மறுப்பார் இல்லை. ஆனால் வலது உள்ளங்கைக்குச் செதுக்கிய மரத்தை இடக்கையில் திணித்துக்கொண்டு, மனவுறுதியை மட்டும் நம்பிப் பத்தாவது வட்டத்தைத் தொட முடியாது.

மூன்றாவதாக, ‘சராசரிக் கைக்குச் செய்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும்’ என்பர். 1950இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடல்களை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் அவற்றுள் பத்து அளவுகளை எடுத்து ஒப்பிட்டபோது, பத்திலும் சராசரிக்குள் அடங்கிய விமானி ஒருவர்கூட இல்லை. கைக்கும் இதுவே பொருந்தும்: உள்ளங்கை அகன்று விரல் குட்டையாக இருக்கலாம், விரல் நீண்டு கட்டைவிரற்கவை குறுகியிருக்கலாம். விளையாட்டோடு தொடர்பற்ற படைத்துறைத் துப்பாக்கி உற்பத்தியாளர்களே இதை ஏற்றுக்கொண்டுவிட்டனர். 1990களின் பிற்பகுதியில் வந்த வால்தர் பி99, 2010இல் வந்த க்ளாக் நான்காம் தலைமுறை ஆகியவற்றில் பிடியின் பின்புறத்தைக் கையளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். படைவீரருக்குக் கிடைத்த இந்த எளிய மரியாதை பல்கலைக்கழக மாணவருக்கு ஏன் கூடாது?

இவற்றைச் சொல்லும்போது எதிர்முனைப் பிழையையும் கண்டிக்காமல் விடக் கூடாது. பதக்கம் வென்றவரின் பிடி எந்த நிறுவனத்துடையது என்று விசாரித்து அதையே வாங்குவது, பழைய மூடநம்பிக்கைக்கு மாற்றாகப் புதியதொன்றைப் பணம் கொடுத்து வாங்குவதாகும். ஸ்டெயர், மொரினி, பர்தினி, வால்தர் என எந்தப் பெயரும் ஒரு கையை அறியாது. அறிய வேண்டியவர் சுடுபவரும் பயிற்றுநருமே. அதற்கான சோதனைகள் எளியவை. கட்டைவிரற்கவை பிடியின் பின்வளைவில் இடைவெளியின்றி, குழலுக்கு இயன்றவரை அருகே பதிகிறதா? சுட்டுவிரல் பிடியின் பக்கத்தில் உரசாமல் தனித்து இயங்குகிறதா? உள்ளங்கைத் தாங்கி கையை நெருக்காமல் தாங்குகிறதா? இறுதியாக, கண்களை மூடிக் கையை உயர்த்தி நிறுத்திக் கண் திறந்தால் இரு குறிகாட்டிகளும் நேராக நிற்கின்றனவா? பத்து முறை செய்து பத்து முறையும் ஒரே பக்கம் விலகி நின்றால், விலகியிருப்பது பிடி. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் விலகினால் அப்போது பயிற்சியைப் பற்றிப் பேசலாம். மரத்தின் பிழையையும் மனிதரின் பிழையையும் பிரித்தறிய இந்தச் சோதனை நல்ல தொடக்கம். அதைச் செய்யாமல் பழமொழி சொல்வது சோம்பல்.

எஞ்சியிருப்பது பணம். இறக்குமதிப் பிடிகள் விலை கூடியவை என்பது உண்மை. ஆனால் புதிய பிடி வாங்குவது ஒன்றே வழியன்று. குழிவிழுந்த இடத்தை எபாக்சி புட்டி கொண்டு நிரப்பி, புடைத்த இடத்தை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கிக்கொள்வது உலகெங்கும் சுடுபவர்கள் செய்துவருவதே. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் தச்சுப் பட்டறையில் மரத்தை இழைத்து இணைப்புகள் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தப் பட்டறைக்கும் அதே வளாகத்தின் சுடுதளத்துக்கும் இடையே உள்ள தொலைவை எந்தத் துறைத்தலைவராவது நடந்து பார்த்ததுண்டா?

ஏர் பிஸ்டலின் பிடி துப்பாக்கியோடு பொதுவாக ஓரிரு திருகுகளால் இணைக்கப்பட்டிருப்பது. அதனால் ஒரு நடைமுறை எளிதில் சாத்தியம்: துப்பாக்கி நிறுவனத்தின் பொதுச்சொத்தாக இருக்கட்டும், பிடி மாணவரின் தனிச்சொத்தாக இருக்கட்டும். ஐந்து துப்பாக்கிகளை இருபது பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே பிடியை இருபது பேர் பகிர்ந்துகொள்வது, ஒரே மூக்குக்கண்ணாடியை இருபது பேர் மாட்டிக்கொள்வது போன்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாகவும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியிலும் வெண்கலம் வென்றபோது வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டாத கல்வி நிறுவனங்கள் குறைவு. சுவரொட்டியைப் பார்த்துச் சுடுதளத்துக்கு வரும் பெண்ணின் கையில் எது தரப்படுகிறது என்பதில்தான் அந்த வாழ்த்தின் உண்மை தெரியும். அடுத்த கொள்முதல் குழு கூடும்போது, ஒப்பந்தப்புள்ளியில் கை அளவுக்கும் இடம் வலத்துக்கும் ஒரு பத்தியைச் சேர்க்கட்டும். அதற்கு முன், பயில வந்திருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு வெள்ளைத்தாளில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து தரச் சொல்லட்டும். தாளுக்கும் பென்சிலுக்கும் நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.