கையெழுத்து போதுமா, கண்ணைப் பார்க்க வேண்டாமா?

லாரி, பஸ் ஓட்ட லைசென்ஸ் கேட்பவரும், நாற்பதைத் தாண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வருபவரும் படிவம் 1ஏ என்றொரு காகிதத்தோடு டாக்டரைத் தேடி வருகிறார்கள். வண்டி ஓட்டும் அளவுக்கு உடல் தகுதி இருக்கிறது என்பதற்கான மருத்துவச் சான்று அது. அரசு தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கும் எனக்கு, புறநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே இந்தக் காகிதமும் வரும். பாதிப் பேர் படிவத்தை முழுக்க நிரப்பியே கொண்டுவருவார்கள். பார்வை சரி, காது சரி, மாலைக்கண் இல்லை என்று ஏஜென்ட் ஆபீஸிலேயே என் சார்பில் எழுதி முடித்திருப்பார்கள். "ஒரு கையெழுத்துதான் டாக்டர்" என்பார்கள்.

அந்தப் படிவம் சும்மா கேட்கவில்லை. வெயில் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. என் அறைக்கு நீளமே பத்தடி. கண் பரிசோதனை அட்டைக்கு வேண்டிய ஆறு மீட்டரே இல்லாமல், எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டிச் சமாளிக்கிறோம். முன்னால் இருப்பவர் எழுத்துகளைப் படிப்பது வரிசையில் நிற்பவர் காதில் விழும். மூன்றாவது ஆள் அட்டையைப் பார்க்காமலே ஒப்பிப்பார். ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகப் பார்ப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்தக் காகிதம்தானே அவருக்குச் சோறு.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்குப் போகும் டிரைவர் ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இடது கண்ணில் முதல் வரிக்கு மேல் நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் நன்றாக முற்றிய கண்புரை. "எதிர் வண்டி லைட்டு பட்டா மட்டும் கொஞ்சம் கூசும் டாக்டர், மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார். அரசு மருத்துவமனையில் லென்ஸ் வைத்து இலவசமாகவே ஆபரேஷன் செய்வார்கள், முடித்துக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "ஒரு மாசம் வண்டி எடுக்காம உக்காந்தா வீட்டுக்கு யாரு டாக்டர் பாப்பாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே வேறொரு இடத்தில் சான்று வாங்கிவிட்டதாக, அவரோடு வந்தவர் பிறகு சொன்னார்.

அந்தச் சான்றை வைத்து ஐந்து வருஷம் ஓட்டலாம். மூன்று வருஷமாக இருந்ததை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தாக்கியது. அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் விழித்திரை கெட ஐந்து வருஷம் தாராளம். இன்சுலின் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் ஓட்டுபவருக்கு வழியிலேயே சர்க்கரை இறங்கினால் தலை சுற்றும், கண் இருட்டும். குறட்டையோடு மூச்சடைத்து எழுபவருக்குப் பகலெல்லாம் தூக்கம் சொக்கும். தூக்கத்தைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி கூட இல்லை.

வலிப்பு இருக்கிறதா என்று மட்டும், விண்ணப்பிப்பவரே எழுதித் தரும் உறுதிமொழிப் படிவத்தில் கேட்கிறார்கள். ஆம் என்றால் லைசென்ஸ் கிடையாது. பிரிட்டனில் ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்டலாம். கனரக வாகனத்துக்கு, மாத்திரையும் இல்லாமல் பத்து வருஷம் கடந்திருக்க வேண்டும். நம் விதியில் அப்படிப்பட்ட கணக்கே கிடையாது. மாத்திரையில் நன்றாக இருப்பவரும் 'இல்லை' என்றே எழுதுகிறார். பொய் சொல்ல வைப்பது விதிதான்.

இத்தனைக்கும், யார் சான்று தரலாம் என்பதில் சட்டத்தில் ஓட்டை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 8(3), மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு இதற்கென்று நியமிக்கும் மருத்துவர்தான் சான்று தர வேண்டும் என்கிறது. படிவத்தின் தலைப்பிலும் அதுவே அச்சாகியிருக்கிறது. நடைமுறையில் பதிவு எண் உள்ள டாக்டர் யார் கையெழுத்தும் செல்கிறது. லைசென்ஸ் விண்ணப்பங்களுக்கான சாரதி இணையதளத்தில் டாக்டரே சான்றை ஏற்றும் வசதியும் வந்திருக்கிறது. போலி முத்திரைக்கு அது தடைதான். ஆளைப் பார்க்காமல் சான்று ஏற்றும் அசல் டாக்டரை அது என்ன செய்யும்? ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று டிரைவர்களுக்குக் கண் முகாம் நடத்தி, கண்ணாடி கொடுத்து, போட்டோ எடுக்கிறோம். அதே டிரைவரின் லைசென்ஸ் கோப்பில் அந்தப் பரிசோதனை முடிவு ஏறுவதில்லை.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் ஓட்டுநர் தகுதிப் பரிசோதனை என்று ஒதுக்கட்டும். கண் மருத்துவ உதவியாளர், ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. நம்பர் பிளேட் படிக்க வளாகத்தில் 25 மீட்டர் தரை போதும். 'தகுதி இல்லை' என்பதோடு, 'சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை' என்றும் எழுதப் படிவத்தில் இடம் வேண்டும்.

அதோடு, தேறாதவருக்கு ஒரு வழி வேண்டும். அரசு பஸ் டிரைவருக்கு வேலையில் இருக்கும்போது பார்வை போய் ஊனமானால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுப் பணி தரச் சொல்கிறது. சொந்த லாரிக்காரரும் கூலி டிரைவரும் எங்கே போவார்கள்? அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் படுக்கும் டிரைவருக்கு அந்த ஒரு மாத வருமானத்தை வாரியம் கொடுக்கட்டும்; அவர் தானாகவே வந்து அட்டை முன் நிற்பார். அது இல்லாமல் பரிசோதனையை மட்டும் இறுக்கினால் ஏஜென்ட் தன் ரேட்டை உயர்த்துவார், அவ்வளவுதான்.

இதற்கான அறிவிக்கை போக்குவரத்துத் துறையிலிருந்து வர வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, என்ன கட்டணம் என்பதை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் எழுதி ஒட்டட்டும்.