வாழையடி வாழை

மணமக்களை 'வாழையடி வாழையென வாழ்க' என வாழ்த்துவது தமிழர் வழக்கம். வாழ்த்து இனியது, ஆயின் வாழை தழைக்கும் முறை வேறு, மாந்தர் பிறக்கும் முறை வேறு. களக்காட்டுத் தோட்டங்களில் கிழங்கிலிருந்து முளைக்கும் வாழைக்கன்று தாயின் மறுபடியே. தாயைச் சாய்க்கும் வாடல்நோய் கன்றையும் சாய்க்கும். மாந்தக் குழவியோ தாய்வழி ஒரு பாதியும் தந்தைவழி ஒரு பாதியுமாக மரபணுக்களைப் பெறுகிறது.

உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் வகுத்துரைக்கும் தொல்காப்பியத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். அச்சொல்லே இன்று பிறப்புவழிப் பண்புகளை ஆயும் அறிவியலுக்கும் வழங்குகிறது. அவ்வறிவியலுக்குக் கால்கோளிட்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறையில் குட்டை மறைந்தது. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றாய் மீண்டும் தலைகாட்டியது. 1865-இல் அவர் உரைத்ததை உலகம் 1900-இல்தான் உணர்ந்தது. மறைந்தது அழிந்ததன்று என்பதே அதன் பிழிவு.

அம்மறைவே தமிழ்க் குடும்பங்களிற் சில வேளை துயராய் வெளிப்படுகிறது. பிறவிக் கேளாமை பலவும், குருதி குன்றும் தலசீமியா நோயும் இவ்வகையின. பழுதுற்ற மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். தாயும் தந்தையும் அதே பழுதைச் சுமப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் தோன்ற நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே, பிள்ளையின் குறைக்கு ஊழ்வினையை நோவதும் தாயை மட்டும் பழிப்பதும் அறியாமை.

ஒரே பழுது இருவரிடமும் அமைதல் அயலாரிடை அரிது; உறவினரிடை எளிது. மாமன் மகளும் அத்தை மகனும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாய்க் கொண்டவர். தாய்மாமனும் அக்கை மகளும் நான்கில் ஒரு பங்கு. சிற்றப்பன் மகளைத் தங்கையென விலக்கும் வழக்கம், அத்தை மகளை முறைப்பெண் என ஏற்கிறது. மரபணுக் கணக்கிலோ இருவரும் ஒரே நெருக்கம்!

2019–21-இல் நடந்த நாடளாவிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உறவில் மணந்தவர். அவர்தம் மக்களுட் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். எனினும் பிறவிக் குறைக்கான இடர் ஏறத்தாழ இருமடங்காகிறது.

பாளையங்கோட்டையில் புளோரன்சு சுவெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேளாதோர்க்குப் பள்ளி கண்டார். கேளாப் பிள்ளைக்குக் கல்வி தருவது பள்ளியின் கடன். குறையின் வேரறிவது குடும்பத்தின் கடன்.

நிலம் பிரியாதிருக்கவும் உறவு விலகாதிருக்கவும் முன்னோர் கொண்ட வழக்கம் இது. நிலத்தைக் காக்கப் பிள்ளையின் செவியை விலையாகத் தருவதோ? குடும்பத்தில் இத்தகு நோய் முன்னரே இருப்பின், மணம் பேசுமுன் மரபியல் மருத்துவரை நாடுக. சாதியென்னும் வேலிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாய் மணப்பதும் இவ்விடரை வளர்ப்பதே. மொழிக்குத் தூய்மை உயிர். குருதிக்குக் கலப்பே காப்பு.