தாராவியின் பேரேடு யார் கையில்?

2024 மார்ச் 18 அன்று தாராவியின் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்புத் தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தனி எண். ஒவ்வொரு சந்துக்கும் லேசர் கதிரால் எடுத்த அளவு. மேலே டிரோன். வாசலில் கைப்பேசியும் கையுமாக வந்து நின்று, ஆவணங்களைப் படம்பிடித்துப் போன இளைஞர்கள். அறிவியல் முறையிலான கணக்கெடுப்பு என்று திட்டக்காரர்கள் பெருமை பேசினர். பேசட்டும், கருவி புதியதுதான். ஆனால் அந்தப் புதிய கருவி எதைத் தேடி வந்தது? 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முந்தைய ஒரு பழைய தாளை. வாக்காளர் பட்டியலில் ஒரு வரி, ஒரு மின்கட்டண ரசீது, ஒரு போட்டோ பாஸ், சிறுகடைக்காரர் என்றால் ஒரு குமாஸ்தா லைசென்ஸ். 2005 ஜூலை 26 பெருவெள்ளத்தில் மித்தி ஆறு வீட்டுக்குள் வந்தபோது குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடியவர்களிடம், அன்று தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினாயா என்று இன்று கேட்கிறது லேசர்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததாக மெய்ப்பிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பின் வந்தோருக்கும், மாலா எனப்படும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும், அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும், வெளியே வாடகை வீடு. தவணை கட்டி வாங்கிக்கொள்ளலாமாம். அந்த 'வெளியே' எங்கே இருக்கிறது? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலங்களில் இருக்கிறது. செம்பூரைத் தாண்டித் தேவ்னார் குப்பைமேட்டில் ஒதுக்கப்பட்ட 124 ஏக்கரில் இருக்கிறது. ஒரு தாள் கிடைத்தால் தாராவி, கிடைக்காவிட்டால் குப்பைமேடு. இதை ஆவணச் சிக்கல் என்றும் கணினிக்காரர் வேலை என்றும் ஒதுக்கிவிட்டு, நாம் 'உண்மையான' வர்க்கப் போராட்டத்துக்குப் போய்விட முடியுமா?

பெயர் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே கட்சிப் பணியாகச் செய்துவரும் எனக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு. நெல்லைச் சீமையில் தங்கப்பழம் என்பது அழகான பெயர். அந்தப் பெயர் மும்பையில் படும் பாட்டைப் பாருங்கள். முதலில் ஆங்கிலத்துக்குப் போகிறது. அங்கே ழகரத்துக்கு இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகள். அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தேவநாகரியில் எழுதும் எழுத்தர் அவ்விரண்டையும் 'ஜ' என்றே படிக்கிறார். மராத்தியில் அவை அப்படித்தான் ஒலிக்கும், அவர் பிழையன்று. ஆகவே வாக்காளர் பட்டியலில் அவர் தங்கபஜம். குடும்ப அட்டையில், காதால் கேட்டு எழுதியதால், தங்கபளம். மின்ரசீதில் டங்காபாலம். இது எழுத்துக்கூட்டலோடு முடிந்தால் போகட்டும். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் வழக்கம். மராத்திப் படிவத்திலோ பெயர், தந்தை பெயர், 'ஆட்நாவ்' என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட அலுவலகம் ஒப்பாது. 'ஆட்நாவ் என்ன?' என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் 'சாதி என்ன?' என்கிறார்கள், சொன்னதும் அதையே எழுதிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை போராடிப் பெயரிலிருந்து உதிர்த்த வாலை, மும்பையின் ஒரு படிவம் ஒரு நிமிடத்தில் ஒட்டிவிடுகிறது. பிறகு அந்த வால் ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் இராது.

பழைய நாளில் இதை மனிதர் ஒருவர் பார்ப்பார். அவர் கை நீட்டியதும் உண்டு, அலைக்கழித்ததும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. ஆயினும் எதிரே நிற்பவரும் தாளில் இருப்பவரும் ஒருவரே என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எந்திரத்துக்குத் தங்கபஜமும் தங்கபளமும் இரு வேறு மனிதர்கள். அந்த இருவரில் எவருக்கும் வீடு இல்லை.

'தகுதியைத் தீர்மானிப்பது அரசு. நாங்கள் விவரம் திரட்டுபவர் மட்டுமே' என்கிறது திட்ட நிறுவனம். அந்த நிறுவனம் எது? 80 விழுக்காடு அதானி குழுமத்துக்கும் 20 விழுக்காடு மகாராஷ்டிர அரசுக்கும் சொந்தமானது. தொடக்கத்தில் தாராவி மறுமேம்பாட்டுத் திட்ட நிறுவனம் என்று பெயர். பிறகு நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்று மாறியது. (தாராவி என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்தே முதலில் வெளியேற்றப்பட்டது.) நிலத்தை விற்று இலாபம் காணப்போகிறவரே, அந்நிலத்தில் யார் இருக்கிறார் என்ற விவரத்தையும் திரட்டுகிறார். உரிமை பெறுவோர் குறைந்தால் விற்பனைக்கு எஞ்சும் இடம் கூடும். நெல்லை அளப்பவரே கொள்முதல் செய்பவராகவும் இருந்தால் மரக்கால் எப்படியிருக்கும் என்பதை உழவர் குடியில் பிறந்த எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பவர் தம் கருவியில் பதிந்த ஒவ்வொரு விவரத்தின் நகலையும், படிக்கும் மொழியில், குடியிருப்பாளர் கையில் தந்துவிட்டே வாசல்படி இறங்க வேண்டும். இது நம் முதல் கோரிக்கையாக இருந்திருக்க வேண்டும். 500 சதுர அடி வீடு வேண்டும் என்று முழங்கினோம், சரியான முழக்கம். நகல் வேண்டும் என்று அதே குரலில் முழங்கினோமா?

தகவலைத் தன் பக்கம் கூர்மையாகவும் மக்கள் பக்கம் மழுங்கலாகவும் வைத்துக்கொள்வது தாராவியோடு நிற்பதன்று. 2025 ஆகஸ்டில் பீகார் வாக்காளர் வரைவுப் பட்டியலிலிருந்து 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. விடுபட்டவர் யார், ஏன் என்ற விவரத்தைத் தேர்தல் ஆணையம் தானாக வெளியிடவில்லை. ஆகஸ்ட் 14 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே வெளியிட்டது. வரைவுப் பட்டியலோ, சொல்லைத் தட்டித் தேட முடியாத வெறும் படங்களாக இணையத்தில் கிடந்தது. ஆணையத்தின் கணினியில் அதே பட்டியல் நொடியில் தேடக்கூடிய தரவாக இருக்கிறது. குடிமகனுக்கு மட்டும் புகைப்படம். தகவல் உரிமைச் சட்டம் தந்த வழியையும், 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் விவரம் என்னும் பெயரால் குறுக்கிவிட்டது.

மும்பையின் உழைப்பாளி மக்கள் இப்படி எண்ணப்படுவது இது முதன்முறையும் அன்று. 1976 ஜனவரி 4 அன்று மாநிலம் முழுவதும் குடிசைகள் ஒரே நாளில் எண்ணப்பட்டன. போட்டோ பாஸ் என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது அந்தக் கணக்கெடுப்பின் வழியாகத்தான். அதே ஆண்டு மே மாதம், அவசரநிலையின் இருளில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டு, தமிழர் உள்ளிட்ட மக்கள் செம்பூருக்கு அப்பால் சீத்தா கேம்ப்புக்கு அள்ளிச் செல்லப்பட்டனர். அவர்களை ஜனதா காலனியில் குடியேற்றியதே மாநகராட்சிதான். அந்த ஏடும் அவர்களைக் காக்கவில்லை.

அந்த ஜனதா காலனிப் போராட்டத்தில் முன்நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், ஏ. ஜோக்கின். இடிபட்ட அனுபவத்திலிருந்து அவர் ஒரு பாடம் கற்றார்: அரசு நம்மை எண்ணுவதற்கு முன் நாமே நம்மை எண்ணிவிட வேண்டும். 1985-இல் பைகுல்லா வட்டார நடைபாதைவாசிகளில் சுமார் ஆறாயிரம் குடும்பங்கள் இம்முறையில் கணக்கெடுக்கப்பட்டன. ராஜீவ் காந்தி அறிவித்த நூறு கோடி ரூபாய்த் திட்டம் தாராவிக்கு வந்தபோது, 1986-இல் அவருடைய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு எடுத்த கணக்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் காட்டியது. அரசு தன் திட்டத்துக்காக வைத்திருந்த எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. தொண்டு நிறுவன அரசியல் மீது நமக்கு அன்றும் விமர்சனம் உண்டு, இன்றும் உண்டு. போராட வேண்டிய இடத்தில் பேரம் பேசப் பழக்கியது அந்த அரசியல். ஆனால் விமர்சனத்தைச் சொல்லிவிட்டு நாம் என்ன செய்தோம் என்ற கேள்விக்கும் விடை வேண்டுமல்லவா?

இங்கே பேச்சு நம் வீட்டுக்குள் வருகிறது. லேபர் கேம்ப்பில் எங்கள் கிளையின் பழைய தோழர் ஒருவர் இருந்தார். மில் தொழிலாளி. 1990-களில் நம் ஏட்டுக்குச் சந்தா திரட்டியவர். சந்து, வீட்டு எண், குடும்பத் தலைவர், எந்த ஊர், எப்போது வந்தவர், எவரிடம் வேலை என்று எல்லாமே அவர் கையெழுத்தில், நீண்ட கணக்கு நோட்டுகளில் இருக்கும். அவர் மறைந்தபின் குடும்பம் ஊருக்குப் போயிற்று. போகுமுன் பெட்டியைத் தேரா காம்பவுண்டுக்கு எடை போட்டு விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நோட்டுகளை வாங்கிவைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி வந்து, 'உங்க பேப்பருக்கு எங்க வீட்டுக்காரர் சந்தா கட்டினாரே, அந்தக் கணக்குல நாங்க எந்த ரூம்ல இருந்தோம்னு இருக்குமே தம்பி?' என்று கேட்டார். சந்தா நோட்டைத் தகுதி அதிகாரி சான்றாக ஏற்கமாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் எந்த வீட்டு எண்ணைக் கொண்டு, எந்த ஆண்டு வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகத்தில், எந்தத் திரிந்த பெயரில் தேட வேண்டும் என்று அந்த ஒரு வரி வழிகாட்டியிருக்கும். நான் கையை விரித்தேன்.

தகவல் அமைப்பு என்பது முதலாளிகளின் சொல் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம்மிடமும் ஒரு தகவல் அமைப்பு இருந்தது; அது ஒரு மனிதரின் நினைவிலும் ஒரு தகரப்பெட்டியிலும் இருந்தது. எதிரி தன் அமைப்பை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்போது, நம்முடையது மாற வேண்டும் என்பதையாவது நாம் ஒப்புக்கொண்டோமா? கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னால் இரண்டு மறுப்புகள் எழுகின்றன.

ஒன்று, 'கணினியை எதிர்த்த கட்சியல்லவா நாம்' என்பது. சிலர் பெருமையாகவும் சிலர் ஏளனமாகவும் சொல்கிறார்கள். இரு சாராரும் வரலாற்றை மறந்தவர்கள். வங்கி ஊழியர் சங்கங்கள் 1983-இல் நிர்வாகங்களோடு செய்துகொண்ட உடன்பாடு, எந்திரம் எங்கே, எந்த அளவுக்கு வரலாம் என்பதை வரையறுத்தது. வேலையைப் பறிக்கும் எந்திரத்துக்கு நிபந்தனை விதிப்பது வேறு, எழுதிவைப்பதையே வெறுப்பது வேறு. 1972 அக்டோபரில், சிலியின் லாரி முதலாளிகள் அலெண்டே அரசை வீழ்த்தப் போக்குவரத்தை நிறுத்தியபோது, நாடெங்கும் ஆலைகளில் வைத்திருந்த டெலக்ஸ் எந்திரங்கள் வழியாகத்தான் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே பொருள் தேங்கியிருக்கிறது என்று அந்த அரசு அறிந்து, கையிலிருந்த சில வண்டிகளைக் கொண்டு நாட்டுக்கு உணவு கொண்டு சேர்த்தது.

மற்றொன்று, 'கணக்கெடுப்பு கட்சி வேலையா' என்பது. 1880-இல் மார்க்ஸ், நோய்வாய்ப்பட்டிருந்த நிலையிலும், பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக நூறு கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்றை எழுதினார். வேலைநேரம், கூலி, பட்டறையின் காற்று, விபத்து என ஒவ்வொன்றாகக் கேட்டார். அரசு எடுக்கும் கணக்கை நம்பாமல், தம் நிலையைத் தொழிலாளர்களே எழுத வேண்டும் என்பது அவர் நோக்கம். வந்த விடைகள் சொற்பம். அதற்காக அவர் கேள்வியைத் தவறு என்று கருதியதாக யாரும் சொல்லவில்லை.

வேண்டுவது பெரிய எந்திரமன்று. சந்துக்கு ஒரு பேரேடு. அதை வைத்திருக்கச் சந்துக்கு ஒரு குழு. அக்குழுவில் பாதியேனும் பெண்கள், ஏனெனில் தாள்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கணக்கெடுப்பில் தந்த எண், வந்த நாள், கேட்ட ஆவணம், கொடுத்த ஆவணம், கிடைத்த ஒப்புகை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாலாவாசிகளுக்குத் தனிப் பக்கம். பெயரைத் தமிழிலும் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். பிறகு அதைக் கணினியில் ஏற்றி இரண்டு இடங்களில் வைக்கலாம். நம் பிள்ளைகளில் அந்த வேலை தெரியாதவர் குறைவு. அனெக்சர்-2 எனப்படும் தகுதிப் பட்டியல் வெளிவரும் அன்று, ஆட்சேபம் எழுப்பக் கிடைக்கும் நாள்களுக்குள், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாம் எழுதும் பேரேடு நாளை காவல்துறை கைக்கும் கட்டுமான முதலாளியின் தரகர் கைக்கும் போகக்கூடும். ஆகவே ஆதார் எண்ணை அதில் எழுதக் கூடாது. சாதி, மதம், எந்தக் கட்சி என்பன கூடாது. யார் வாடகைக்கு விட்டிருக்கிறார், எவ்வளவு பகடி வாங்கினார் என்பதும் கூடாது. அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்த அதுவே போதும். வீட்டுக்காரர் கேட்ட நொடியில் தம் பக்கத்தைப் பார்க்கவும் திருத்தவும் கிழித்துப்போடவும் உரிமை பெற்றவர். அரசிடமும் அதானியிடமும் நாம் கேட்கும் ஒழுங்கை நாமும் கடைப்பிடிக்காவிட்டால், நம்மை நம்பி எவர் பெட்டியைத் திறப்பார்?

இம்மாதச் சந்தா வசூலுக்குத் தொண்ணூறு அடிச் சாலைக்கும் லேபர் கேம்ப்புக்கும் போகும் தோழர்கள், ரசீதுப் புத்தகத்தோடு ஒரு நீண்ட நோட்டையும் எடுத்துச் செல்லட்டும். தாளில் தங்கபஜம் என்று இருந்தால் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். பக்கத்தில் தங்கப்பழம் என்றும் எழுதட்டும்.