மூன்று ரூபாய்



1896ஆம் ஆண்டு. மதுரையிலே, தமையனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, பாடத்திலே மனம் ஒட்டாத பதினாறு வயது மாணவர் ஒருவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். இரமண மகரிஷி என்று உலகம் பின்னாளில் அழைத்தது அவரைத்தான்.

அவரைக் குறை கூற இதை எழுதவில்லை. அவர் பெயரால் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலே ஓதப்படும் ஓர் உபதேசத்தைச் சாடவே எழுதுகிறேன்.

என் வகுப்புப் பையன் ஒருவன் நான்கு நாட்களாக வரவில்லை. தேடிச் சென்றேன். செங்கம் சாலைத் திண்ணையொன்றில் வீற்றிருந்த பெரியவர் அருளினார்: "பகவானே பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர்தானே வாத்தியாரே! இவன் படித்து என்ன ஆகப்போகிறது? அவனுக்கு ஆர்வமே இல்லை!"

பையன் எங்கே? உணவு விடுதியின் பின்கட்டிலே, எச்சில் தட்டுகளுக்கு நடுவே! பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைச்சுற்றுப் பாதையிலே மக்கள் வெள்ளம் பாய்கிறது. என் வகுப்பின் பின்வரிசையையும் அடித்துச் செல்கிறது. ஒருவன் பூ விற்க, ஒருவன் தண்ணீர் விற்க, ஒருவன் தட்டுக் கழுவ! அன்றைய கூலி அன்றைய அடுப்புக்கு.

ஆர்வம் இல்லையாம்! நீர் பாய்ச்சாத நிலத்தில் நின்றுகொண்டு விதையைப் பழிக்கும் வீணர் பேச்சு!

ஒப்பிட்டுப் பாருங்கள். மதுரை மாணவருக்குக் கல்லூரி காணும் தமையன் இருந்தார். தாங்குவதற்குச் சிற்றப்பா இருந்தார். ஆங்கிலம் புகட்ட மிஷன் பள்ளி இருந்தது. கல்வி அவர் கைக்கெட்டியது, விட்டார். என் மாணவனுக்கு எட்டவே இல்லையே! இருப்பவன் விட்டால் அது துறவு. இல்லாதவன் விட்டால் அது இழப்பு. இரண்டையும் ஒன்றாக்குவது ஆன்மிகமா, அநீதியா?

1953இல் இராஜாஜி ஆட்சி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் தீட்டிற்று. குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஏட்டிலிருந்து போயிற்று, திண்ணையிலிருந்து போகவில்லை! அன்று திட்டம் செய்ய முனைந்ததை, இன்று 'ஆர்வமில்லை' என்ற ஒரு சொல் செய்து முடிக்கிறது.

ஆர்வம் வானத்திலிருந்து விழுவதன்று. 1920இல் நீதிக்கட்சியினர் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியிலே சோறிட்டனர். 1956இல் காமராசர் மதிய உணவை நாடெங்கும் கொண்டு சென்றார். 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. விளைவு? 2021–22ஆம் ஆண்டுக் கணக்கிலே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47! தமிழர் தலையிலே மட்டும் பிரமன் வேறு எழுத்து எழுதினானா? சோறும் சலுகையும் பள்ளியும் எழுதிய எழுத்தன்றோ அது!

அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரி புகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022இல் வந்தது, ஆணுக்கு 2024இல். நன்று. ஆனால், அப்படியொன்று உண்டு என்று எடுத்துச் சொல்ல என் மாணவன் வீட்டிலே யார் இருக்கிறார்கள்?

அன்று பின்கட்டிலே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் என்னைக் கேட்டது இதுதான்: "சார், பத்தாவது முடிச்சா பாலிடெக்னிக்ல சேரலாமா? அதுக்கு யாரைப் பார்க்கணும்?"

ஆர்வமில்லாதவன் கேட்கும் கேள்வியா இது?

படித்த இளைஞர்களே! பௌர்ணமிக்கு மறுநாள் காலி இருக்கைகளை எண்ணுங்கள். அந்த வீட்டுக் கதவுகளைத் தட்டுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கல்லூரி வாயில்வரை உடன் செல்லுங்கள்.

"நான் யார்?" என்று கேட்கச் சொல்கிறது ஆசிரமம். "நான் என்ன ஆகலாம்?" என்று கேட்கிறான் என் மாணவன். முதற்கேள்விக்கு அவரவர் தனித்திருந்து விடை காணட்டும். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்!