யானைச் சல்லி

சென்ற மாதம் பாலமுனையில் மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தேநீர் அருந்தி முடிந்ததும் அவருடைய உம்மம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, கறுத்த செப்புக் காசொன்றை நம் கையில் வைத்தார்.

"கிணறு வெட்டக்குள்ள கிடைச்சது சேர். செல்லுமா?"

ஒரு புறம் யானை, அதன் கீழே ஆண்டு. மறுபுறம் நடுவே 12, சுற்றிலும் ஆங்கில எழுத்துக்கள். ஆங்கிலேயர் 1801 முதல் 1816 வரை கொழும்பில் அடித்த தடித்த காசு அது. 12, 24, 48 என மூவகை உண்டு. எண் பெரிதாயின் மதிப்பும் பெரிது என எண்ணிவிடலாகாது. ரிக்ஸ்டொலரில் பன்னிரண்டிலொரு பங்கு நான்கு ஸ்டைவர். நாற்பத்தெட்டிலொரு பங்கு ஒரே ஸ்டைவர்! திருத்தமின்றி அடித்தமையால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. சிலவற்றில் ஆண்டே பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். 1815ஆம் ஆண்டிட்டு இங்கிலாந்திலிருந்து வந்த, மூன்றாம் ஜோர்ஜ் தலை பொறித்த ஸ்டைவர்கள் அழகியவைதாம். ஆயினும் நமக்குக் கொழும்பு யானையிடமே பிரியம்.

"புளி போட்டுத் துலக்கித் தரட்டா?"

"வேண்டாம்!" என்று நாம் போட்ட சத்தத்தில் வீடே திரும்பிப் பார்த்தது. நாம் முதன்முதல் பெற்ற 48ஐ அவ்வாறுதான் துலக்கினோம். பொன்னாய் மின்னியது; கறுப்போடு ஆண்டும் போயிற்று. அது 1803ஆ, 1808ஆ, இன்றளவும் அறியோம். அரியதையும் மலிந்ததையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த ஆண்டன்றோ?

1872இலேயே ரூபாயும் சதமும் வந்துவிட்டதைச் சொன்னோம்.

"அப்ப செல்லாது எண்டுறீங்க" என்றவர், காசை மீண்டும் பத்திரமாக முடிந்துகொண்டார். விலை கேட்க நமக்கு வாய் வரவில்லை.